ஓலை போடவேண்டாம் என்ற பிரதருக்கு

பிரதர் எபநேசர் செத்துப்போனாராம்.

காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் எந்த குரூப்பைத் திறந்தாலும் அவர் போட்டோதான். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், பின்னால் ஈசிஆர் மேலே அவர் கட்டின பெரிய சபை. "விசுவாச வீரர்" என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் கைகூப்புகிற பொம்மை அனுப்புகிறார்கள். என்னால் முடியவில்லை. பிடிக்காதவர்கள் அன்ஃபிரண்ட் பண்ணிக்கொள்ளுங்கள்... வருத்தமில்லை.

எழுபதுகளில் அவர் மரக்காணத்துக்கு வந்தபோது கையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு மைக் செட்டும்தான். உப்பளத்துக்குப் போகிற வழியில் கொட்டகை போட்டார். நல்ல குரல். அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

எனக்கு அப்போது கல்யாணமான புதுசு. நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் கொஞ்சம் பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு வாரிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் பூசையில் பங்குச் சாமியார் பொறுத்துக்கொள் என்பார். பிரதரோ, கூலிக்காரனை முதலாளி ஆக்குகிறவர் கர்த்தர் என்றார். என் வீட்டுக்காரருக்கு அது பிடித்துப்போனது. யாருக்குத்தான் பிடிக்காது?

எங்கள் வீட்டிலேயே எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறார். அடுத்த வருஷம் இந்தக் குடிசை மாடி வீடாகிவிடும் தங்கச்சி என்று, நண்டுக் காலைக் கடித்தபடியே ஆசீர்வாதம் பண்ணுவார்.

உப்பளம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கோடையெல்லாம் வாரின உப்பைக் கரைமேல் அம்பாரமாகக் குவித்து, மழைக்கு முன்னால் பனையோலை போட்டு மூடிவிடுவோம். மழைக்காலத்தில்தான் உப்புக்கு நல்ல விலை. அந்த அம்பாரம்தான் எங்களுக்குச் சோறு, துணி, அடுத்த வருஷக் குத்தகை எல்லாம்.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். தெளித்த கையோடு, மேகம் கூடுது, சீக்கிரம் ஓலையை ஏத்துங்கப்பா என்று விரட்டுவார்.

அந்த வருஷம் பிரதர் வேறு மாதிரி சொன்னார். ஓலை போடுவது அவிசுவாசமாம். திறந்து கிடக்கிற அம்பாரம்தான் விசுவாசத்துக்குச் சாட்சியாம். ஒரே ஒரு குடும்பம் துணிந்தால் போதும், மழை கிட்டேகூட வராது, ஒரு அம்பாரம் ரெண்டாகும் என்றார்.

துணிந்தது யார்... எங்கள் வீட்டு மகராசன்தான்.

தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு வரிசை போட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து பிடுங்கி எறிந்தார்.

"சாட்சியக் கெடுக்காதடி."

சொல்லும்போது அவர் கண்ணிலும் தண்ணீர். அவருக்கும் பயம்தான்.

பெய்தது. பக்கத்து அம்பாரமெல்லாம் ஓலைக்குள் பத்திரமாக இருந்தது. எங்களுடையது எங்கள் கண்ணெதிரே கரைந்து வாய்க்காலில் போனது.

அடுத்த ஜெபக் கூட்டத்தில் பிரதர் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லுவார் என்று நம்பிப் போனேன். பைத்தியக்காரி.

மைக்கிலேயே சொன்னார். "ஒரு சகோதரி ஓலையத் தொட்டுட்டாங்க. சந்தேகப்பட்ட கை பட்டா, கர்த்தர் எப்படிம்மா கிரியை செய்வாரு?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் அண்ணாந்து பார்த்தேன். கொட்டகைக்கு மேலே ரெட்டைத் தார்ப்பாய். மைக் பெட்டிக்குத் தனியாக ஒரு கித்தான் உறை.

எழுந்து நின்றேன். "உங்க கொட்டாய்க்கு மட்டும் எதுக்கு பிரதர் தார்ப்பாய்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரதர் உடனே பாட்டு ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

குத்தகை போயிற்று. அதன்பிறகு ஆயுசுக்கும் அடுத்தவர் பாத்தியில் கூலி வேலைதான்.

பிரதர் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனார். சபை, கார், டிவி, சிங்கப்பூர் என்று எங்கேயோ போய்விட்டார். முதலாளி ஆனது அவர் ஒருத்தர்தான்.

அதெல்லாம்கூடத் தொலையட்டும். போன உப்பை அடுத்த கோடையில் வாரிக்கொள்ளலாம்.

என் அந்தோணி தங்கமான மனுஷன். ஒரு நாளும் என்மேல் கை நீட்டினதில்லை. ஆனால் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான்... அன்றைக்கு நீ ஓலையைத் தொட்டிருக்கக் கூடாது.

திட்டமாட்டார். மெதுவாகத்தான் சொல்லுவார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் வரச் சொன்னார்.

"அந்த ஓலை விஷயம்... உன்ன நான் மன்னிச்சிட்டேன்."

என்னை. மன்னித்துவிட்டாராம்.

அடுத்த நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பதில் சொல்ல ஆளில்லை.

இன்றைக்கு மகள் போன் பண்ணினாள். ஊரே போகுதும்மா, ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்துவிடலாமா என்று கேட்டாள். ஒரு முழம் பூ கிடையாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

போங்கள் பிரதர்.

அங்கே என் வீட்டுக்காரர் இருப்பார். மைக்கெல்லாம் வேண்டாம்... பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவள் ஓலையைத் தொட்டது சரிதான் என்று.