கைக்காரம்மாவின் இடது தோள்

வளையல்களைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் போட்டாயிற்று. மோதிரமும் போயிற்று. இனி விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொடுக்கெடுக்க வேண்டும். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் தினமும் முரண்டு பிடிக்கும். "வாடி, நீ ஒருத்திதான் பாக்கி" என்று அதையும் வழிக்குக் கொண்டுவந்த பிறகுதான் கைக்காரம்மா கேமரா முன்னால் போய் நிற்பாள்.

கைக்காரம்மா என்பது ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பேர். தினமும் காலையில் டிவியில் ஐயாவின் அருளுரை நேரலையாக வருகிறதே, அதில் திரையின் கீழ் மூலையில் நின்று, காது கேளாதவர்களுக்காக ஐயாவின் பேச்சைச் சைகையில் சொல்கிற அம்மாள் இவள்தான். ஐயாவுக்கு முழுத் திரை. இவளுக்கு ஒரு சாசர் அளவு வட்டம்.

இவளுடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. அதனால் இவளுக்குக் கைதான் முதலில் பேசியது. வாய் பிறகு மெல்லக் கற்றுக்கொண்டது. அப்படிக் கற்றுக்கொண்ட வாயை இன்றுவரை மூடவில்லை என்பது கணவரின் புகார். கைகளோ தூக்கத்தில்கூட ஓய்வதில்லை. "மத்தவங்க பொண்டாட்டி தூக்கத்துல பேசினா காதுல விழும். இவ பேசினா என் மூக்குல விழுது" என்று அவர் மூக்கைத் தடவிக்கொள்வார். அவர் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அந்தச் சாசரிலிருந்துதான்.

தொழிலில் படு கறார். முன்பு கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் இதே வேலை பார்த்தபோதும் சரி, இப்போதும் சரி, "கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அடுத்தவங்க வாய்க்கு வாடகைக்கு வந்தவ நான்" என்பாள். இடது தோளைச் சற்றே திருப்பினால் பேசுவது ஐயா. நேராக நின்றால் பேசுவது அவள். அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு அத்துப்படி. ஐயா கண்கலங்கினால் இடது தோளில் இவளும் கண்கலங்குவாள்.

ஐயாவின் பேச்சில் குறை சொல்ல முடியாது. தேன் ஒழுகும். முடிகிற நேரத்தில் குரல் குழையும், மேசைமேல் அருள்நீர் பாட்டில் வரும், திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண் ஓடும். "உங்ககிட்ட எது ரொம்பப் பெருசோ, அதைக் கொண்டுவந்து வைங்க. எந்த வியாதியா இருந்தாலும் நான் பார்த்துக்கறேன்" என்பார். அந்த அருள்நீர் பிறக்கும் இடம் கைக்காரம்மாவுக்குத் தெரியும். அவள் டப்பா கழுவுகிற அதே குழாய். "குழாய்க்கே அருள் வந்திருக்கு, என் டப்பாவுல எண்ணெய்ப் பிசுக்குதான் போக மாட்டேங்குது" என்று வீட்டில் கேலி செய்வாள். மற்றபடி, நமக்கென்ன என்றுதான் இருந்தாள்.

அந்த நமக்கென்னவுக்கு ஒரு தையல்காரர் முடிவு கட்டினார். அவருக்கும் அவர் மனைவிக்கும் காது கேட்காது. ஒரே மகள், அதற்கு இதயத்தில் ஓட்டை. ஒருநாள் போனில் வீடியோ போட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, தையல் மிஷினை விற்கப்போவதாகச் சொன்னார். அந்தப் பணத்தில் ஐயாவின் வருஷ ஆசீர்வாதம் வாங்கினால் ஆபரேஷனே வேண்டாமாம்.

இவள் பதறிப்போய், "யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"ஐயா. நீங்கதானே தினம் காட்டுறீங்க?"

"அது அவர் பேச்சு! நான் இடது தோள்லதானே சொல்றேன்!"

"தெரியும்" என்றார் தையல்காரர். "ஆனா அது பொய்யா இருந்தா, நீங்க நேரா நின்னு சொல்லியிருப்பீங்களே?"

கைக்காரம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "பளார்னு அறைஞ்ச மாதிரி இருக்குங்க" என்று கணவரிடம் புலம்பினாள். ஐயாவின்மேல் ஆத்திரம் ஒரு பங்கு என்றால், தன்மேல் இரண்டு பங்கு. மறுநாள் காலை, கணக்கு எண் ஓடத் தொடங்கியதும், ஐயாவின் உருக்கத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் இடது தோளில் சொல்லி முடித்தாள். பிறகு நேராக நின்றாள்.

"இது நான். அது குழாய்த் தண்ணி. பர்ஸை மூடுங்க. உடம்புக்கு முடியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பேச ஆள் இல்லன்னா நான் கூட வர்றேன்."

ஸ்டுடியோவில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் புரியவில்லை. "இன்னிக்குக் கையில என்ன உருக்கம்மா!" என்று மேனேஜர் மெய்சிலிர்த்தார். அன்றிலிருந்து தினமும் அந்த உருக்கம் தொடர்ந்தது.

தையல்காரரோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை டாக்டருக்கும் சொல்லிச் சொல்லி, ஆபரேஷனை நல்லபடியாக முடித்துவைத்தாள். மிஷின் வீட்டிலேயே இருக்கிறது. குழந்தை இப்போது மாடிப்படியில் தடதடவென்று ஏறி இறங்கி அம்மாவின் உயிரை வாங்குகிறது.

மேனேஜருக்குத்தான் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. "எல்லாப் பக்கமும் காணிக்கை கொட்டுது. காது கேக்காதவங்க பக்கம் மட்டும் ஏம்மா வறட்சி?"

"எனக்கென்ன சார் தெரியும், நான் கையைத்தானே ஆட்டுறேன்."

வறட்சியைப் போக்க ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. காது கேளாதவர்கள் குடும்பம் குடும்பமாக ஸ்டுடியோவின் முன்வரிசைகளில் உட்கார வேண்டும். அவர்களில் ஒருவர் மேடையேறி அற்புதத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். இதயத்து ஓட்டை அடைபட்ட குழந்தை ஒன்று இருக்கிறது என்று எங்கேயோ மோப்பம் பிடித்து, தையல்காரர் வீட்டுக்கே கார் அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் கைக்காரம்மாவை ஓரம் கட்டினார். "அந்த ஆள் எப்படி வேணா கையை ஆட்டட்டும். 'அருள்நீர்தான் என் பொண்ணைக் காப்பாத்துச்சு'ன்னு நீங்க மைக்ல சொல்லிடணும். சம்பளத்தை ஏத்திடலாம். சொதப்பினீங்கன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

ஒப்பனை அறையில் தையல்காரர் அவளிடம், "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"நடந்ததைச் சொல்லுங்க."

"உங்க வேலை போயிடுமே?"

"உங்க கையில என்ன வருதோ, அதுதான் என் வாயில வரும். இத்தனை வருஷமா அப்படித்தான்" என்றாள். சுண்டுவிரல் அன்றைக்கு முரண்டு பிடிக்காமல் சொடுக்கிட்டது.

விளக்குகள் எரிந்தன. நேரலை. ஐயா குழந்தையின் தலையில் கை வைத்துக் கேமராவைப் பார்த்தார். "சொல்லுங்க தம்பி. உங்க பொண்ணைக் காப்பாத்துனது யாரு? உலகமே கேக்கட்டும்."

தையல்காரரின் கைகள் எழுந்தன. பக்கத்தில் நின்ற கைக்காரம்மா வாயைத் திறந்தாள். குரல் ஆடவில்லை.

"என் பொண்ணைக் காப்பாத்துனது டாக்டருங்க. உங்க தண்ணிக்காக நான் சோறு போடுற மிஷினையே விக்கப் போனேன். அது குழாய்த் தண்ணின்னு இந்த அம்மா சொல்லித்தான் தப்பிச்சேன். எங்க எல்லாருக்கும் தினம் சொல்றாங்க. உங்க டிவியில, உங்களுக்குக் கீழேயே நின்னு சொல்றாங்க."

முன்வரிசைகளில் கைகள் உயர்ந்தன. ஒன்று, பத்து, எல்லாம். காது கேளாதவர்கள் கைதட்டுவதில்லை. இரண்டு கைகளையும் தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டுவார்கள். அரங்கம் முழுக்க விரல்கள். தையல்காரரின் மகளும் அப்பாவின் காலைக் கட்டியிருந்த கைகளை விட்டுவிட்டுத் தூக்கி ஆட்டியது. கைக்காரம்மாவுக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. வேலை போனால் போகட்டும், தூக்கத்தில் வீசுகிற கைக்கு மூக்கைக் காட்ட வீட்டில் ஒரு மனுஷர் இருக்கிறார், சமாளித்துக்கொள்ளலாம்.

ஐயாவின் தொண்டையில் இருந்த தேனெல்லாம் எங்கே போயிற்றோ! "கட் பண்ணுங்கடா! கட் பண்ணித் தொலைங்கடா!" என்று கத்தினார்.

முன்வரிசைக்காரர்கள் அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் கைக்காரம்மாவைப் பார்த்தார்கள். நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை, அவள் வேலையும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடது தோளைத் திருப்பினாள். ஐயாவின் பிதுங்கிய விழியையும் உப்பிய கன்னத்தையும் அப்படியே முகத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு விரல்களைக் கத்தரிக்கோலாக்கி, காற்றைக் கறக் கறக்கென்று வெட்டிக் காட்டினாள்.