அம்மா எழுபத்துநாலு டச்

என் அம்மா ஜெயம்மாள் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவள். காஞ்சிபுரத்தில் புதுப் புடவை விற்கத் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. கிழிந்ததை வாங்க அம்மா வீடு தேடி வருவாள். கரையிலிருந்து ஒரு சரிகை இழையை உருவி, தீக்குச்சியில் கொளுத்தி, மிச்சத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு விலை சொல்வாள். பழைய வெள்ளிக் கொலுசும் வாங்குவாள். வெள்ளியின் தரத்தை இந்தத் தொழிலில் டச் என்பார்கள். நூறு டச் என்றால் சுத்தம். எண்பதுக்குக் கீழே போனால் அம்மா கொலுசைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அவளைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாவற்றுக்கும் டச் உண்டு. எங்கள் வீட்டுக்கு வரும் பால் எழுபது டச். சித்தப்பா முத்துக்குமார் ஐம்பது டச், அதுவும் சம்பள நாளில். பிளஸ் டூ முடித்து, மூன்று வேலையில் சேர்ந்து மூன்றையும் விட்ட என்னை, "இவளை இன்னும் உரசிப் பாக்கல" என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

பேரம் பேசாமல் அவள் எதையும் வாங்கியதில்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று அறிவித்தபோது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். குறைக்கச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

தை மாதம் திருப்புட்குழி போகிற வழியில் அவளுடைய மொபெட் நின்றது. மெக்கானிக் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வண்டி இல்லாமல் கிராமங்களுக்குப் போக முடியவில்லை. அப்பாதுரை என்று இன்னொரு வியாபாரி, பைக் வைத்திருக்கிறவர், இரண்டே வாரத்தில் மாகறல் கிராமத்தில் அம்மாவுக்கு வாடிக்கையான ஐந்து வீடுகளைப் பிடித்துவிட்டார். இன்னும் இரண்டு மூன்று மாதம் போனால் தொழிலே அவர் கைக்குப் போய்விடும். அதனால் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றைக் கடனில் வாங்குவது என்று முடிவானது.

ஷோரூமில் கடன் பிரிவைப் பார்த்துக்கொள்கிற லோகேஷ், "கிரெடிட் ஸ்கோர் பாக்கணும்மா, நாளைக்கு வாங்க" என்று போனில் சொன்னார். நான் அன்றே என் போனில் ஒரு ஆப்பில் அம்மாவின் விவரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். எழுநூற்று நாற்பத்திரண்டு.

"ஆயிரத்துக்கா?" என்றாள் அம்மா.

"ஆமாம்" என்றேன். தெரியாமல் சொன்னதுதான்.

"அப்போ நானு எழுபத்துநாலு டச்சா?"

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இருபது வருஷமாக ஊரார் கொலுசைத் திருப்பிக் கொடுத்தவளை யாரோ திருப்பிக் கொடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் லோகேஷ் விளக்கினார். "ஆயிரத்துக்கு இல்லமா. தொள்ளாயிரத்துக்கு."

"மீதி நூறு சேதாரமா?"

"சேதாரம் எல்லாம் இல்ல. மேல தொள்ளாயிரம், கீழ முந்நூறு. அதுக்குள்ளதான் எல்லாரும்."

"வாங்கின கடனைக் கட்டாதவனுக்கும் முந்நூறா?"

"ஆமா."

"எங்க தீபிகாவுக்கு?" என்று என்னைக் காட்டினாள் அம்மா.

"கடனே வாங்கலியா? அப்போ ஸ்கோரே இருக்காது."

"கடன் வாங்காதவளுக்கு ஒண்ணும் கிடையாது, ஏமாத்தினவனுக்கு முந்நூறு. நல்லா இருக்குதுபா உங்க நியாயம்."

லோகேஷ் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் வந்தது அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு. எழுநூற்றிருபது இருந்தால்தான் அவர்கள் கடன் கொடுப்பார்களாம்.

"நேத்து எழுநூத்தி நாப்பத்திரெண்டு" என்றாள் அம்மா. "தூங்கி எழுந்ததுல நாப்பத்திநாலு எங்கப்பா போச்சு?"

"அது வேற கம்பெனிமா. ஸ்கோர் போடுறதுக்கு நாலு கம்பெனி இருக்குது. நீங்க எங்க கடன் வாங்கினீங்களோ அவங்க அனுப்புற கணக்கை வச்சுத்தான் போடுவாங்க. ஒருத்தனுக்கு வந்தது இன்னொருத்தனுக்கு வராம இருக்கும், லேட்டா வரும். போடுற முறையும் ஆளுக்கு ஆள் வேற."

"ரெண்டுல ஒண்ணு பொய்" என்றேன் நான்.

"பொய் எதுக்குடி?" அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரே புடவைதான். முந்தியில ஒரு சரிகை போட்டிருப்பான், கரையில வேற போட்டிருப்பான். அவன் முந்தியில உரசினான், இவன் கரையில உரசினான்." பிறகு லோகேஷிடம், "இவன் எந்த இழைய உருவினான்னு பாருபா" என்றாள்.

அவர் முழு அறிக்கையையும் திறந்து தேடினார். இழை கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தவணையில் வாங்கிய கிரைண்டர். கடைசித் தவணை ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். கட்டியது ஆயிரம்.

"அது நான் குறைச்சது" என்றாள் அம்மா, பெருமையாக. "வசூலுக்கு வந்த பையன்கிட்ட, முடிக்கிற நேரத்துல ஒரு இருநூத்தி நாப்பது குறைச்சுக்கோபான்னேன். சிரிச்சான்."

"சிரிச்சான். குறைக்கலமா. பாக்கின்னு எழுதிட்டாங்க. எங்களுக்கு ஸ்கோர் தர்ற கம்பெனிக்கு அது வந்திருக்குது. நீங்க பாத்த கம்பெனிக்கு வரல."

தன் வாழ்க்கையில் குறைத்த எல்லாவற்றையும் அம்மா மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

கிளம்பும்போது லோகேஷ் வாசல் வரை வந்தார். "பாக்கியக் கட்டப் போற இடத்துல பேரம் பேசாதீங்கமா. குறைச்சுக் கட்டினா 'செட்டில்டு'ன்னு போட்டுடுவாங்க. பாதி விட்டுக்கொடுத்து முடிச்ச கடன்னு அர்த்தம். அதைப் பாத்தா எங்க ஆளு கையெழுத்துப் போடமாட்டாரு. முழுசா கட்டி 'குளோஸ்டு'ன்னு வாங்கிக்கினு வாங்க."

கிரைண்டர் பைனான்ஸ் அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி. கவுண்டரில் இருந்த மஹாலட்சுமி மேடம் கணக்குப் பார்த்தார். பாக்கி இருநூற்று நாற்பது. தாமதக் கட்டணம் எண்ணூற்று எண்பத்தைந்து. மொத்தம் ஆயிரத்து நூற்றிருபத்தைந்து. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, இரக்கமாகச் சொன்னார்: "பழைய கணக்குதானே. நீங்க முந்நூறு கட்டுங்கமா. மீதியத் தள்ளுபடி பண்ணிடறேன்."

அம்மா கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்காமலே ஒருவர் எண்ணூற்றிருபத்தைந்து ரூபாய் குறைக்கிறார். இப்படி ஒரு நாளுக்காக அவள் ஆயுள் முழுவதும் காத்திருந்தாள்.

"வேணாம்" என்றாள். மறுபடி சொன்னாள். "வேணாம்மா. முழுசா வாங்கிக்கோ."

"ஏம்மா, குறைச்சுத்தானே தர்றேன்."

"குறைக்காத."

"ஐந்நூறாவது..."

"ஒரு ரூபாகூடக் குறைக்காதமா, உனக்குப் புண்ணியமாப் போவுது."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எங்களை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அம்மா சுருக்குப்பையைத் திறந்து எண்ணினாள். கடைசி நூறு ரூபாயை அவள் விரலிலிருந்து நான்தான் பிரித்தெடுத்துக் கொடுத்தேன். பாக்கி இல்லை என்று சீல் வைத்த கடிதத்தை வாங்கி, 'குளோஸ்டு' என்ற வார்த்தையை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

படி இறங்கினோம். கீழே தள்ளுவண்டியில் கொய்யா இருந்தது. கிலோ அறுபது என்றார் வண்டிக்காரர். கால் மணி நேரம் நின்று நாற்பதுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவள் முகம் பழையபடி ஆனது.

ஆறு வாரம் கழித்து லோகேஷ் கூப்பிட்டார். அவருடைய கம்பெனியில் எழுநூற்று முப்பத்தொன்று. என் போனில் எழுநூற்று ஐம்பத்தேழு. இரண்டும் இன்னமும் ஒன்றாகவில்லையே என்று நான் கேட்டதற்கு, "முந்தியும் கரையும் என்னைக்குடி ஒண்ணாச்சு?" என்று சொல்லிவிட்டு அம்மா ஷோரூமுக்குக் கிளம்பினாள். ஸ்கூட்டரோடு இரண்டு ஹெல்மெட்டும், கால் மிதியும், சாமி படம் போட்ட சாவிக்கொத்தும் இலவசமாக வாங்கினாள். அடுத்த வாரமே மாகறலில் மூன்று வீடுகள் திரும்பி வந்துவிட்டன.

தவணை மாதாமாதம் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுகிறது. பேச ஆள் இல்லை. குறைக்க வழியும் இல்லை. அம்மா மெசேஜைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். இப்போதெல்லாம் ஐந்தாம் தேதி எங்கள் தெருவுக்குக் காய்கறி வண்டி வருவதில்லை.