ஐம்பத்தெட்டைக் கழித்து

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை எனக்கு. பிள்ளைகள் வார்டு. முன்பெல்லாம் ஒரே காய்ச்சலுக்கு ஒரு டாக்டர் அரை மூடி மருந்து எழுதுவார், அடுத்தவர் ஒரு மூடி எழுதுவார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். பிள்ளையின் எடையைப் போட்டால்தான் மருந்துப் பக்கம் திறக்கும். அளவை அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். யார் டியூட்டியில் இருந்தாலும் ஒரே அளவு.

காய்ச்சல் பிள்ளை எடை மெஷினில் நிற்காது. நான் தூக்கிக்கொண்டு ஏறுவேன். என் எடை ஐம்பத்தெட்டு. அதைக் கழித்து மிச்சத்தைப் போடுவார்கள். வார்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அன்று காலை தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் மூன்று வயது மகளைத் தூக்கி வந்தாள். காய்ச்சல். முந்தின நாள் ஒரு தடவை வலிப்பு வந்திருக்கிறது. பிள்ளையோடு ஏறினேன். அறுபத்தெட்டு காட்டியது. சிஸ்டர் பத்து என்று போட்டாள்.

"பத்தா? அங்கன்வாடியில பதினாலுன்னு சொன்னாகளே" என்றாள் தாய்.

"அங்க ரேஷன் கடைத் தராசா இருக்கும்" என்றாள் சிஸ்டர். நானும் சிரித்தேன்.

மத்தியானம் மறுபடி வலிப்பு. திரை சொன்ன அளவுக்கு ஊசி போட்டார்கள். நிற்கவில்லை. பிள்ளைக்குக் கண் மேலே சொருகியது.

"மாதாவே! ஆயாம்மா, ஏன் நிக்கல?" தாய் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

டாக்டர் திரையைப் பார்த்தார். "அளவு சரியாத்தானே இருக்கு."

மூன்று மாதமாக எனக்கு இரட்டை டியூட்டி. ரவிக்கை தொளதொளத்துப் போய், ஊக்கு குத்தித்தான் போடுகிறேன். அந்த ஊக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மெஷினில் தனியாக ஏறினேன். ஐம்பத்துநான்கு.

"சார், நான் நாலு கிலோ எறங்கியிருக்கேன். பிள்ள பதினாலுதான்."

டாக்டர் திரைக்குத் திரும்பினார். எடையை மாற்றினார். முதலில் குறைந்துபோன மிச்ச மருந்தையும் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் விரல்கள் விரிந்தன. மூச்சு ஒழுங்காக வந்தது. தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்தேன். வேலை கிடந்தது.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார்.

"நாலு கிலோ எப்படிக் குறைஞ்சுச்சு ஆயாம்மா?"

"வேலைதான் சார்."

"எதுக்கும் சுகர் பாத்துருவோம்."

அதே கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு பக்கம் திறந்தார்கள். முதலில் எடை கேட்டது.

"அம்பத்துநாலு" என்றேன்.

சிஸ்டர் போடவில்லை. மெஷினைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"ஏறி நில்லுங்க ஆயாம்மா."

ஏறினேன்.