கத்தி உறை பிடிப்பவன்

மெல்பேர்னுக்குக் கப்பல் ஏறுமுன் எனக்கு நடந்த பிரிவுபசாரத்தில் பெரியப்பா பேசியதில் பாதிதான் நினைவிருக்கிறது: “தம்பி, கால் ஊண்டி நிக்கிற இடத்திலதான் மனுசனுக்குப் பிழைப்பு…” மிச்சத்தைக் கைதட்டல் விழுங்கிவிட்டது. எனக்கோ பிழைப்பு அமைந்தது கால் ஊன்றவே முடியாத இடத்தில். எழுபதுகளில், டண்டினொங் ரயில் பாதையோரம் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றுக்குள் போட்டிருந்த ஐஸ் தளத்தில், கத்தி பொருத்திய சப்பாத்தோடு பிள்ளைகளுக்குச் சறுக்கு நடனம் பழக்கினேன். எஞ்சினியரிங் படிக்கப் போனவன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று கேட்காதீர்கள். விடுதி நண்பர்களோடு ஒரு சனிக்கிழமை வேடிக்கை பார்க்கப் போனேன். அவர்கள் திரும்பி வந்தார்கள். பிறர் பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துத் தேய்ந்துபோனவர்களே, மேலே வாசியுங்கள், உங்களுக்குப் புரியும்.

முதல் பாடம்

முதல் பாடம் விழுவது. முழங்காலை மடித்து ஒரு பக்கமாகச் சரிய வேண்டும். விழுந்ததும் கையைப் பொத்திக்கொள்ள வேண்டும். விரித்துவைத்தால் பின்னால் வருகிறவரின் கத்தி விரலில் ஏறிவிடும். அன்றைய வகுப்பில் லினெட் என்றொரு சின்னப் பெண். மற்றவர்கள் விழுந்தால் அழுதார்கள். அவள் விழுந்த இடத்திலிருந்தே அடுத்தது என்ன என்று என்னைப் பார்த்தாள்.

நம்மூர்க்காரர் சிவபாதம் அண்ணை, நான் உண்மையில் என்ன வேலைதான் செய்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். வகுப்பு முழுவதும் குளிரில் கையைக் கக்கத்தில் செருகியபடி நின்றுவிட்டுச் சொன்னார்:

“விழுறதுக்கும் வகுப்போடா நாதன்? எங்கட ஆக்கள் பழக்காமலே நல்லா விழுவினமே!”

எட்டு

அந்தக் காலத்துப் போட்டிகளில் துள்ளலும் சுழற்சியும் பிறகுதான். முதலில் ஒற்றைக் காலில் வழுக்கி ஐஸில் எட்டு வரைய வேண்டும். அதே கோட்டின்மேல் மறுபடி, மறுபடி. விடிந்தும் விடியாத நேரத்தில் தளத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். பிள்ளை வரைந்து முடித்ததும் நான் முழங்காலூன்றிக் கோடு எங்கே பிரிகிறது என்று பார்ப்பேன். ஒருநாள் லினெட்டின் எட்டில் பிரிவே இல்லை. எல்லாம் ஒரே கோடு. “நல்லது,” என்றேன். அதற்குள் ஐஸைச் சீவி மெழுகும் வண்டி உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. லினெட் கையை விரித்து அதன் முன்னால் போய் நின்றாள்.

“அம்மா இரவு வேலை முடிந்து வரும்வரை இதை அழிக்க விடாதீர்கள், மிஸ்டர் நாதன்!”

செய்து காட்டுங்கள்

இருபத்தைந்து வயதில் சறுக்கப் பழகியவனுக்குச் சில விஷயங்கள் வராது. காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கும் பாய்ச்சல் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. தோள் எங்கே, மூச்சு எப்போது, எல்லாம் சொல்வேன். செய்து காட்டத்தான் முடியாது. லினெட் அந்தப் பாய்ச்சலுக்கு மாதக்கணக்கில் எழும்பினாள், விழுந்தாள். “உன் மாஸ்டருக்கே வராதாமே!” என்று ஒரு பையன் சீண்டினான். அவள் பாவாடையில் ஒட்டிய ஐஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்:

“பார்க்கிறது அவர் வேலை. குதிக்கிறது என் வேலை.”

சம்மதம்

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பழைய பயிற்சியாளர் வாயால் “சரி” சொல்லாமல் இன்னொருவர் அந்தப் பிள்ளையைத் தொடமாட்டார். வெளிநாட்டில் போட்டியிட்டுத் திரும்பிய கிரஹாம் எங்கள் தளத்துக்குப் பயிற்சியாளனாக வந்து சேர்ந்தான். அந்தப் பாய்ச்சலை அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து சாதாரணமாகச் செய்தான். லினெட்டின் தாய் தகரத் தொழிற்சாலை உடுப்போடு என் முன்னால் வந்து கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். நானே முந்திக்கொண்டு “சரி” என்றேன். அவள் முகம் தெளியவில்லை.

“உங்களை விட்டுப் போகமாட்டேனென்று அடம்பிடிக்கிறாள். போகச்சொல்லி நீங்களே சொல்லிவிடுங்களேன்.”

சொன்னேன்.

உறை

நடக்கும்போது கத்தி மழுங்காமலிருக்க அதற்கு ரப்பர் உறை மாட்டுவார்கள். பிள்ளை தளத்தில் இறங்கும்போது அதைக் கழற்றித் தடுப்போரம் நிற்கும் பயிற்சியாளர் கையில் கொடுக்கும். ஆடி முடித்துத் திரும்பும்வரை அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் அதுவரை பிடித்தவை லினெட்டின் சிவப்பு உறைகள். சிட்னியில் நடந்த போட்டிக்கு ரயிலேறிப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். உறைகள் கிரஹாமின் கையில் இருந்தன. என்னிடம் பழகியபோது அவளுக்கு ஒருநாளும் வராத பாய்ச்சல் அன்று வந்தது. இறகு விழுந்ததுபோல் இறங்கினாள். நானும் எழும்பிக் கைதட்டினேன். என் கைகள் வெறுமையாகத்தானே இருந்தன.

பிறகு நடைபாதையில் என்னைக் கண்டு ஓடிவந்தாள். வியர்த்திருந்தாள். அப்படியொரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. துளியும் கள்ளமில்லாமல் சொன்னாள்:

“கிரஹாம் எவ்வளவு சுலபமாகச் சரிசெய்துவிட்டார் தெரியுமா? நீங்கள் இன்னும் முந்தியே என்னை அனுப்பியிருக்கலாம், மிஸ்டர் நாதன்!”

மெல்பேர்ன் திரும்பியதும் முதலாளியிடம் போய், இனித் தொடக்க வகுப்பு மட்டும் எடுக்கிறேன், ஒரு பிள்ளை தடுப்பைப் பிடித்த கையை விட்ட அன்றே அதைக் கிரஹாமிடம் அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னேன்.