நாலு மணிக்குள் இருபத்தெட்டு கம்ப்யூட்டர்

பார்வையிழந்த பெரியவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் அந்தப் பயிற்சி மையத்தில் அவளை எல்லோரும் கம்ப்யூட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தது டைப்பிஸ்டாக. கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது வேறு யாரும் கிட்டேயே போகாததால் அவள் தலையில் கட்டினார்கள். அதிலிருந்து பதினாலு வருஷம் தானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றதுதான் அவள் படிப்பு. வேலை செய்யும்போது, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் அந்த மெஷினோடு முணுமுணுப்பாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர், அதுக்குப் பேசத்தான் தெரியும், காது கேக்காது என்று கிண்டல் பண்ணுவார்.

ஒரு புதன்கிழமை தேர்வு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். மாற்றி முடித்த கம்ப்யூட்டர்களின் பட்டியலை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் இல்லாத கம்ப்யூட்டரில் சனிக்கிழமை தேர்வு எழுத முடியாது. தேர்வு ஒரே வேளைதான், ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். தேறினால் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு மனுப் போடலாம். இருபத்தெட்டுப் பேர் ஒரு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு வரும் இணைய லைனோ நூல் மாதிரி. வியாழன் சாயங்காலம் வரை மல்லுக்கட்டியும் ஆறு கம்ப்யூட்டர்தான் முடிந்தது. அதனால் வெள்ளி காலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பிராக்ஸி சர்வராக்கினாள். அது மென்பொருளை ஒரு தடவை இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மற்றவை எல்லாம் அதனிடம் வாங்கிக்கொள்ளும்.

சின்னக் கோப்புகள் நொடியில் வந்தன. பெரிய கோப்பை மட்டும் பிராக்ஸி சேமிக்காமல் ஒவ்வொரு தடவையும் வெளியே போய்த் தேடியது. சேமிக்கும் கோப்பின் அளவுக்கு ஒரு வரம்பு இருப்பதைக் கண்டுபிடித்து அவள் உயர்த்தும்போது மதியம் ஆகிவிட்டது. பிறகு பாதி இறங்கும்போது லைன் அறுந்து மீண்டது. பிராக்ஸி அந்த அரைகுறைக் கோப்பையே முழுசென்று நம்பி எல்லாவற்றுக்கும் கொடுத்தது. இருபத்திரண்டு திரையிலும் ஒரே பிழை. இரண்டரை மணிக்குத்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அப்போது லைன் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

தன் செல்போனில் இறக்கிப் பார்த்தாள். கால்வாசியில் டேட்டா தீர்ந்தது. முடிந்த ஆறிலிருந்து எடுக்கலாமென்றால், டிஸ்க் சின்னது என்று, நிறுவியதும் கோப்பு தானாக அழியும்படி அவளே எப்போதோ அமைத்திருந்தாள். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேர்வு அதிகாரிக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் கேட்டாள்.

"நீங்க கேக்கிறது நியாயம்தாம்மா," என்றார் அவர். "நாலு மணிக்கு லிஸ்ட் தானா மூடிடும். என் கையில ஒண்ணுமில்ல."

ஆறு என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஐந்து மணிக்கு லைன் வந்தது. பிராக்ஸி கோப்பை ஒரு தடவை முழுசாக வாங்கியதும் மற்ற எல்லாம் இருபதே நிமிஷத்தில் முடிந்தன. எந்த மெஷினிலும் ஒரு குறையில்லை. அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

சேர்ந்த வரிசைப்படி முதல் ஆறு பேர் எழுதட்டும் என்று மையத்தின் முதல்வர் முடிவு செய்தார். ஏழாவது ஆள் ஒரு தையல்காரர். ஐம்பது வயதில் பார்வை போய் இங்கே வந்தவர். அவரிடம் சொல்லும் வேலையும் அவளுக்கே வந்தது.

"அடுத்த பரீட்சை எப்போம்மா?"

"ஆறு மாசம் கழிச்சுண்ணே. என் தப்புதான்."

அவர் மேஜை விளிம்பைத் தடவினார்.

"அதுவரைக்கும் பணம் கட்டுற என் தம்பி என்னை இங்க விட்டுவைக்கணுமே," என்றார்.

தம்பி விட்டுவைக்கவில்லை. அடுத்த மாதம் வந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போனார். கம்ப்யூட்டரக்கா வாசல்வரை போய், ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.