வலது கை

காவலர்களுக்குச் சீருடை தைப்பதுதான் அவள் தொழில். கணவனும் காவலர்தான். எல்லை தாண்டி வரும் துப்பாக்கிகளைப் பிடிக்க, தாடி வளர்த்து, பேச்சை மாற்றி, கடத்தல் கும்பலுக்கே எட்டு மாதம் லாரி ஓட்டினான். கும்பலில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. கெடுத்தது சொந்த ஆள்தான். சோதனைச் சாவடியில் நின்ற கான்ஸ்டபிள், தனக்குப் பயிற்சி கொடுத்தவரை லாரியில் பார்த்ததும், பழக்க தோஷத்தில் விறைத்து நின்று சல்யூட் அடித்துவிட்டான். மரியாதை தெரிந்தவனாம்! பக்கத்து இருக்கையில் கும்பலின் ஆள் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் வீட்டுக்குப் பிணம் வந்தது.

சுட்டவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம். அவள் கைக்கு எட்டாதவர்கள். சல்யூட் அடித்தவன் கடைக்கே வந்தான். செத்தவன் அனுப்பியிருந்த தகவலை வைத்துத் துப்பாக்கிகளைப் பிடித்த குழுவில் அவனும் இருந்தானாம், பதக்கம் தருகிறார்களாம். புதுச் சீருடை வேண்டுமாம். அவள் அளவெடுத்தாள். காலர், இடுப்பு, முழங்கை எல்லாம் கச்சிதம். வலது அக்குளில் மட்டும் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டி, இரட்டைத் தையல் போட்டாள்.

விழா அன்று காலை கடையிலேயே போட்டுப் பார்த்தவன் பதறினான்.

"அண்ணி, கை தோளுக்கு மேல போகவே மாட்டேங்குதே! இன்னும் அரை மணி நேரத்துல மேடையில சல்யூட் அடிக்கணும்."

அவள் தையலிலிருந்து தலை நிமிரவில்லை.

"அடிக்காத தம்பி. போன தடவை நீ அடிச்சதுக்கே என் வீட்டுல ஒரு உசிரு போச்சு."