மரியத்தின் இடியாப்ப வியாபாரம்

அறுபதுகளின் கடைசியில் கோட்டையூரில் ஒரு நடுநிலைப்பள்ளியில் நான் ஆசிரியை. பிள்ளைகளுக்குக் காசின் அருமை தெரியட்டும் என்று, எட்டாம் வகுப்பு மாணவிகளை வைத்துப் பள்ளியிலேயே ஒருநாள் சந்தை நடத்தினேன். முதல், செலவு, லாபம் எல்லாம் அவர்களே பார்க்க வேண்டும்.

மரியம் இடியாப்பம் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் முன்னால் விற்று முடித்தாள்.

"மில்லுக்குப் போகாம வீட்லயே மாவு இடிச்சேன் டீச்சர். அந்தச் செலவு மிச்சம்" என்றாள். வகுப்பையே கைதட்டச் சொன்னேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் இடியாப்பம் வாங்க ஆட்கள் நின்றார்கள். உள்ளே அடுப்பருகே மரியம் மாவு பிழிந்துகொண்டிருந்தாள்.

அவள் உம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க டீச்சர். இவ அத்தா மலேயாவுல வேற குடும்பம் வச்சுக்கிட்டாக. பணம் வர்றதே நின்னுபோச்சு. என்ன செய்யன்னு தவிச்சுக் கெடந்தேன். நல்லவேளை, நீங்க இவளுக்குத் தொழில் சொல்லிக் குடுத்தீக. அதுலதான் இவ தம்பிக படிக்கிறானுக. நீங்க நல்லா இருக்கணும்."

"இவ படிப்பு?" என்றேன்.

"அதான் யாவாரம் படிச்சிட்டாளே டீச்சர்."

மரியம் நிமிர்ந்தாள். "காப்பரீட்சை முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றேன். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

அப்புறம் எத்தனையோ பெற்றோர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் மனதில் தங்கவில்லை. அந்த உம்மா சொன்ன நன்றிதான் இன்னும் வலிக்கிறது.